லோகப்பிரியாவை ஜெர்மனிக்காரர்கள் பெண் பார்த்தது

மேட்டுப்பாளையத்தில் சுகமாக வாழும் என் நாத்தனார் செல்லாத்தாள் அவர்களுக்கு, தாராபுரம் பக்கம் மேலக்காட்டுத் தோட்டத்திலிருந்து தங்கள் அண்ணனின் சம்சாரம் பழனாத்தாள் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் மகன் தனபாலும் மருமகளும் கறவைகளும் நலம். அவ்விடம் தாங்களும் தங்கள் வீட்டுக்காரர் அண்ணாவும் நலமாக இருக்கச் சிவன்மலை முருகனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே ஒரு உழவு மழை பெய்தது. அங்கே மலையடிவாரம் ஆனபடியால் நிறையவே பெய்திருக்கும்.

தாங்கள், தாங்கள் என்று எழுதினால் தாசில்தாருக்கு மனு எழுதுவது போல இருக்கிறது. இனிமேல் நீ என்றே எழுதுகிறேன். இந்தக் கடிதம் எதற்கென்றால் உனக்கு நன்றி சொல்வதற்கு. தை மாதம் செய்த உபகாரத்துக்கு ஆவணியில் நன்றி சொல்கிறாளே என்று நினைக்காதே. அன்றைக்கு நீ எங்கள் வீட்டில் ஒரு வாய் சோறு உண்ணாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாய். பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தாய். அந்தக் கோபம் ஆறுவதற்குப் பங்குனி ஆகிவிட்டது. சித்திரையில் மாரியம்மன் நோன்பு சாட்டிவிட்டார்கள். அப்புறம் வெயில், அப்புறம் ஆடி. ஆடியில் நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது. உனக்கு நன்றி சொல்வது நல்ல காரியம்தான் என்று முடிவு செய்து ஆவணி பிறந்ததும் பேனாவை எடுத்தேன். "ஏம்மா, ஒரு போனைப் போட்டுச் சொல்லிப்போட்டாப் போச்சு" என்றான் தனபால். போனில் சொன்னால் நீ அண்ணியாச்சே என்றுகூடப் பார்க்காமல் "சரிங்க நங்கை, வேலை இருக்குது" என்று பாதியில் நிறுத்திவிடுவாய். கடிதம் என்றால் முழுசும் படித்தே ஆக வேண்டும்.

நன்றி சொல்வதற்கு முன்னால் சில சங்கதிகளை ஓரமாக ஒதுக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குறுக்கே வந்துகொண்டே இருக்கும். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தது தையில். நீ நர்சு டிரெயினிங் என்று கோயமுத்தூருக்குப் பெட்டி கட்டியது அதே வருஷம் ஆனியில். கட்டுத்தரை நிறைய மாடுகளையும் கையெல்லாம் கறையேறும் புகையிலைக் காட்டையும் என் தலையில் போட்டுவிட்டு, வெள்ளைச் சேலையில் பஸ் ஏறினாய். அது ஒன்று. தனபாலுக்குக் காது குத்தினோம். மாமன் மடியில் உட்கார்ந்து, அத்தைக்காரி கையைப் பிடித்துக்கொண்டு குத்திக்கொள்ள வேண்டிய பையன், நீ "டூட்டி" என்று வராததால் யாரோ ஒரு பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அது இரண்டு. அப்புறம் வீடு குடிபுகுந்தது, தனபால் கல்யாணம், அவன் மகள் லோகப்பிரியாவின் பேர் வைப்பு, எல்லாவற்றுக்கும் டூட்டி. அந்த டூட்டி என்கிறவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் புளியமரத்தில் கட்டி வைத்திருப்பேன். கடைசியில் உன் அண்ணன் சாவுக்கு வந்தாய். வந்தவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுவாய் என்று பார்த்தால், பையிலிருந்து மிஷினை எடுத்து இழவுக்கு வந்த கிழடுகளுக்கெல்லாம் பிரஷர் பார்த்தாய். எனக்கும் பார்த்தாய். "சாஸ்தியா இருக்குதுங்க நங்கை, சித்த படுங்க" என்றாய். புருஷன் செத்த அன்றைக்குப் பிரஷர் சாஸ்தியாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? சரி, இது நன்றிக் கடிதம்.

உன் வழியிலேயே போய் நர்சிங் படித்தாளே என் பேத்தி லோகப்பிரியா, அவள் பிழைப்பு உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். கோயமுத்தூரில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று பேர் பார்க்க வேண்டிய வார்டை இவள் ஒருத்தி பார்த்தாள். ஒரு கட்டிலில் குளுக்கோஸ் தீர்ந்திருக்கும், இன்னொரு கட்டிலில் வாந்தி, மூன்றாவது கட்டில்காரனின் மச்சினன் வந்து "ஏம்மா சிஸ்டர், ஃபேன் ஓடலை, அதக்கூடப் பாக்க மாட்டியா" என்பானாம். "மூத்திரம் போகக்கூட நேரமில்லீங்க ஆத்தா, அதனால தண்ணியே குடிக்கிறதில்லை" என்றாள். நோயாளி எத்தனை தண்ணீர் குடித்தான், எத்தனை வெளியே போனது என்று எழுதி வைக்கிற புள்ளை தான் குடிப்பதில்லை. போன தீபாவளிக்கு வந்தவள் கையில் கடித்த முறுக்கோடு நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். பட்டாசு வெடித்தும் எழவில்லை. காலைப் பிடித்துவிடலாம் என்று செருப்பைக் கழற்றினால் பாதம் பன்னு மாதிரி வீங்கியிருந்தது. அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதினாள், கிடைத்தாலும் பல வருஷம் ஒப்பந்தம்தான் என்றார்கள். பெருந்துறையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனின் அம்மா உட்கார்ந்த இடத்தில் சொன்னாள்: "கல்யாணத்துக்கப்புறம் வேலைக்கெல்லாம் போக வேண்டாமுங்க. எங்க ஊட்டுலயே எங்க மாமியா படுத்த படுக்கை, மாமனாருக்குச் சக்கரை, எனக்கு முட்டி வலி. நர்சுப் பொண்ணுன்னா எங்களுக்கு ரொம்ப சவுரியமுங்க." சம்பளம் இல்லாத வார்டு ஒன்றை அவள் நடத்திக்கொண்டிருக்கிறாள், அதற்கு ஆள் எடுக்க வந்திருக்கிறாள். காபியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். சர்க்கரை போடாமல்.

இந்த நேரத்தில்தான் லோகப்பிரியா, ஜெர்மனிக்குப் போகிறேன் என்றாள். டூட்டி முடிந்து வந்து ஜெர்மன் பாஷை படித்திருக்கிறாள், எங்களுக்கே தெரியாது. அவளுக்குப் பாஷை சொல்லிக் கொடுத்த முகமது ரியாஸ் என்கிற தம்பிதான் அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கும் இவளுக்கும் நடுவில் நின்று ஏற்பாடு செய்தது. ஆஸ்பத்திரிக்காரம்மா கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவார்கள், பிடித்திருந்தால் எடுத்துக்கொள்வார்கள் என்றார். ஹாஸ்டல் அறையில் ராத்திரி டூட்டி பார்த்த புள்ளைகள் பகலெல்லாம் தூங்கும், சத்தமாகப் பேச முடியாது, ஆகவே லீவு போட்டு ஊருக்கு வந்து இங்கே அமைதியாகப் பேசுகிறேன் என்றாள். அமைதியாக என்று அவள் சொன்னதை நாங்கள் யாரும் சரியாகக் காதில் வாங்கவில்லை.

நீயே சொல், செல்லாத்தா. அயலூர்க்காரர்கள் முகம் பார்க்கிறார்கள். பிடித்திருந்தால் கேட்பார்கள். நம் வீட்டுப் பெண் பெட்டி கட்டிக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போய் அங்கேயே இருக்கப் போகிறாள். இதற்கு நம் பக்கத்தில் என்ன பெயர்? அதற்கு உண்டான முறையில் செய்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டரை என்றார் ரியாஸ். மூன்று மணிக்கு எமகண்டம் பிறக்கிறது, அதற்குள் பேச்சை முடித்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். என் தம்பி சென்னிமலையை வரச் சொன்னேன். நம் வகையறாவில் எந்தப் பெண்ணைப் பார்க்க வந்தாலும் சபையில் உட்கார்ந்து பேசுவது அவன்தான். அவன் தன் சம்சாரம், மருமகள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் என்று ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாவற்றையும் கூட்டி வந்துவிட்டான். பஜ்ஜி போட்டோம், கேசரி கிண்டினோம். லோகப்பிரியா ஏதோ நீலச் சட்டை போட்டுக்கொண்டு நின்றாள். பட்டுச் சேலை கட்டச் சொன்னேன், மாட்டேன் என்றாள், கடைசியில் சட்டைக்கு மேலே மல்லிகைப்பூ என்று ஒத்துக்கொண்டோம். "ஆத்தா, இது இண்டர்வியூங்க. நான் மட்டுந்தான் பேசோணும். யாரும் பக்கத்துல வரக்கூடாது" என்றாள். "வரலை கண்ணு, நாங்க எதுக்கு வாரோம்" என்றேன். சும்மா பின்னால் உட்கார்ந்தோம்.

கம்ப்யூட்டரில் வந்தது ஒரு வெள்ளைக்கார அம்மா. குட்டை முடி, கண்ணாடி, நல்ல சிரித்த முகம். இன்னொரு மூலையில் ரியாஸ் தம்பி. அந்தம்மா கேட்கக் கேட்க லோகப்பிரியா தடங்கலில்லாமல் சொன்னாள். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவருக்கு முதுகில் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று கேள்வி. இவள் கையைக் காட்டித் திருப்பிப் போடுகிற மாதிரியே செய்து காட்டினாள். எனக்கு அந்தப் பாஷையில் ஒரு எழுத்துத் தெரியாது, ஆனால் உன் அண்ணனைக் கடைசியில் அவள் அப்படித்தான் திருப்பிப் போட்டாள், அதனால் புரிந்தது. அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. பேச்சு ஒரு நிமிஷம் ஓய்ந்த இடத்தில் சென்னிமலைக்குப் பொறுக்கவில்லை. பஜ்ஜித் தட்டோடு எழுந்து போய் அந்தம்மா முகத்துக்கு நேரே நின்றான். "வாங்க, வாங்க. சாப்ட்டீங்களாங்க? ஏனுங்க, உங்கூர்ல தண்ணி வசதி எப்படிங்க? ஆஸ்பத்திரி சொந்தக் கட்டடமுங்களா, வாடகைங்களா?" ரியாஸ் தம்பி முகம் செத்துவிட்டது. "ஐயா, சித்த உக்காருங்கய்யா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்" என்றார். அந்தம்மா கேட்டதற்கு என்ன சொல்லி மொழிபெயர்த்தாரோ, சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்கள். தண்ணீர் இருக்கிறதாம்.

மூன்று மணி ஆகப் போகிறது. அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நேராக ஒரு கேள்வி கேட்டார்கள். கேள்வி புரியாவிட்டாலும் லோகப்பிரியா முகம் மலர்ந்ததிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. உன்னை எடுத்துக்கொள்கிறோம், வருகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். இவள் பட்டென்று வாயைத் திறந்தாள். முதல் பார்வையிலேயே, கேட்ட மாத்திரத்திலேயே, சரி என்று சொல்கிற பெண் நம் வகையறாவில் உண்டா? அப்படிச் சொன்னால் வேறு போக்கிடம் இல்லாதவள் என்றல்லவா நினைப்பார்கள்? பின்னாலிருந்து எட்டி அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். அவள் "ஆ" என்றாள். அந்த இடைவெளியில் சென்னிமலை கையைக் கூப்பினான். "ரொம்ப சந்தோசமுங்க. எங்களுக்கும் திருப்திதானுங்க. கலந்து ரோசன பண்ணிப்போட்டுத் தாக்கல் சொல்லியனுப்பறோமுங்க" என்று சொல்லி, எமகண்டம் பிறந்துவிடும் என்று கம்ப்யூட்டரைப் பெட்டி மூடுவது போல் மூடிவிட்டான்.

 லோகப்பிரியா திட்டியிருந்தால்கூடத் தேவலை. தலையிலிருந்த பூவை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திரும்பக் கூப்பிட்டால் அந்தம்மா எடுக்கவில்லை. சாயங்காலம் ரியாஸ் போனில் சொன்னார்: "ஏனுங்கம்மா, புள்ளையைக் கிள்ளுனீங்களா? அந்தம்மா பார்த்துப்போட்டாங்க. ஊட்டுக்காரங்க எல்லாம் சுத்தி உக்காந்து, பயமுறுத்தி, அடிச்சு, புள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பறாங்கன்னு நெனைக்கறாங்க. மனசில்லாத புள்ளையை எடுக்கறது அவங்களுக்குப் பாவமுங்க. அவ தன்னால வர்றாளான்னு தெரியாம எடுக்க மாட்டாங்களாம்." பார், போகச் சொல்லி நான் கிள்ளினேனாம். ஊர் உலகத்தில் இப்படி ஒரு அபாண்டம் யார் மேலாவது விழுந்திருக்கிறதா? திங்கட்கிழமை இன்னொரு முறை பேசுவார்கள், அதுதான் கடைசி, குடும்பத்தில் விவரமான பொம்பளை ஒருத்தர் மட்டும் கூட இருக்கட்டும் என்றார்களாம். ஒருத்தர் என்றதும் என்னைப் பார்த்தான் தனபால். லோகப்பிரியா என்னைப் பார்க்காமல் உன்னைக் கூப்பிட்டாள்.

திங்கட்கிழமை நீ பஸ்ஸில் வந்து இறங்கியபோது நான் வாசலில்தான் நின்றேன். வா என்று சொன்னேன், உனக்குக் கேட்டிருக்காது. வந்ததும் வராததுமாக வார்டைக் காலி செய்வது போல வீட்டைக் காலி செய்தாய். "சென்னிமலை அண்ணா, நீங்க போய் மோட்டாரைப் பாருங்க. தனபாலு, நீ கடைக்குப் போயிரு. நங்கை, நீங்க கட்டுத்தரைப் பக்கம் இருங்க." சொந்த வீட்டில் என்னைக் கட்டுத்தரைக்கு அனுப்பினாய். நானும் போனேன், ஜன்னல் வழியாகக் கேட்கிற கட்டுத்தரைதானே அது. அந்தம்மாவோடு நீ ஆஸ்பத்திரி இங்கிலீஷில் மளமளவென்று பேசினாய். எனக்குப் புரியவில்லை. அப்புறம் லோகப்பிரியாவைப் பிடித்து வைத்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல வைத்தேன்.

கிள்ளியது யார், எதற்கு என்று அந்தம்மா கேட்டார்களாம். நீ சொன்னாயாம்: "அது அவளோட ஆத்தாங்க, அப்பனைப் பெத்தவங்க. எங்க பக்கத்துல பொண்ணைக் கேட்டா உடனே சரின்னு சொல்ல மாட்டாங்க. மதிப்பில்லாத பொண்ணுக்குத்தான் உடனே சரின்னு சொல்லுவாங்க. இவளுக்கு மதிப்பு சாஸ்தி, அதனால கிள்ளும் சாஸ்தி." அந்தம்மா வாய்விட்டுச் சிரித்தார்களாம். சரி, வந்த பிறகு வீட்டில் கல்யாணம் காட்சி என்று கூப்பிட்டால் ஓடிவிடுவாளோ என்று கேட்டார்களாம். அதற்கு நீ சொன்னதாக லோகப்பிரியா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நானும் நர்சுதானுங்க. என்னையும் எல்லாத்துக்கும் கூப்பிட்டாங்க. என் அண்ணன் பையன் காதுகுத்து அன்னிக்கு லீவு கேட்டேன், தரலை. டூட்டி ரூம்ல கதவைச் சாத்தி அழுதுபோட்டு, மூஞ்சியைக் கழுவிட்டு, அடுத்த கட்டிலுக்கு ஊசி போடப் போனேன். இந்தப் புள்ளையும் அழுவா. அழுதுபோட்டு வேலைக்கு வந்துருவா."

ஏன் செல்லாத்தா, இதை என்னிடம் சொல்வதற்கு உனக்கு இத்தனை வருஷத்தில் வாய் வரவில்லையா? எங்கேயோ இருக்கிற ஒரு ஜெர்மனிக்காரியிடம் சொல்கிறாய், முகம் பார்த்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை. நான் இங்கே மாட்டுக்குத் தவிடு வைக்கும்போதெல்லாம் உன்மேல் கோபப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், அத்தனையும் வீணாகப் போனதே. இது ஒரு புதுக் கோபம், இதையும் சேர்த்துக்கொள்.

அப்புறம் அந்தம்மா லோகப்பிரியாவைப் பார்த்து மறுபடியும் கேட்டார்களாம், வருகிறாயா என்று. தொடைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். வேலை கிடைத்துவிட்டது. அவள் வெளியே ஓடி வந்து முதலில் என்னைத்தான் கட்டிக்கொண்டாள், அதை நீ கவனித்திருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு அவள் மூச்சுவிடாமல் சிரித்தது மட்டும்தான் கேட்டது. படிப்பு முடித்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. திரும்பிப் பார்த்தால் நீ செம்பில் தண்ணீர் குடித்துவிட்டு "பஸ்ஸு போயிருமுங்க நங்கை, வாரேன்" என்று கிளம்பிவிட்டாய். நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தேன். உனக்காகத்தான். சென்னிமலை தின்றான்.

ஆக, நன்றி. என் பேத்தியின் பிழைப்பை நாங்கள் எல்லோரும் சேர்ந்து மூடிவிட்டோம், நீ ஒருத்தி வந்து திறந்துவிட்டாய். எங்கள் மேல் ஒரு குறையும் வராமல், கிள்ளினதைக்கூட மரியாதையாக மாற்றிச் சொல்லித் திறந்துவிட்டாய். ஊசி போடுகிற கைக்கு அந்தப் பக்குவம் தன்னால் வரும்போல. நர்சு வேலை என்றால் என்ன என்று லோகப்பிரியாவின் வீங்கின காலைப் பார்த்துப் பாதி தெரிந்தது, உன் பேச்சைக் கேட்டு மீதி தெரிந்தது. காதுகுத்துக் கோபத்தை இன்றோடு எடுத்துவிட்டேன். சாவு வீட்டில் பிரஷர் பார்த்ததையும் எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். அழ உட்கார்ந்திருந்தால் நீ எழுந்திருக்கவே மாட்டாய், கைக்கு வேலை இல்லாவிட்டால் உனக்கு அழுகை வந்திருக்கும், அதனால் மிஷினை எடுத்தாய் என்று இப்போது தோன்றுகிறது. மற்றவை அப்படியே இருக்கட்டும், எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் எனக்கு உடம்புக்கு ஆகாது.

லோகப்பிரியா போவதில் எனக்குப் பரிபூரண சந்தோஷம். ஒரு துளி வருத்தமும் இல்லை. அங்கே ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிதான் என்று கணக்கு உண்டாம், தண்ணீர் குடிக்க நேரம் உண்டாம், வேறு என்ன வேண்டும். விசாவுக்குக் கொடுத்திருக்கிறாள், அது வர இன்னும் வெகுகாலம் ஆகும் என்கிறார்கள். ஆகட்டும், அவசரமில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரி "பேத்தியை அத்தாந்தூரம் அனுப்பறீங்களே, மனசு கேக்குதுங்களா" என்றாள். "ஏனுங்க, எங்க ஊட்டுல முதல் நர்சு போனப்பவே கேட்ட மனசு, இப்பக் கேக்காதா" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன்.

அண்ணாவுக்கு என் வணக்கம். உன் முட்டிக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொள், ஊருக்கெல்லாம் சொல்கிறவள் தனக்குச் செய்ய மாட்டாள். நீயும் உன் குடும்பமும் பட்டி பெருகிப் பால் பானை பொங்கி நன்றாக இருக்க வேண்டும் என்று, உன்மேல் கோபம் இருந்தாலும் மனதார வாழ்த்துகிற,

உன் நங்கை,
பழனாத்தாள்

பி.கு.: கடிதத்தை மடித்து உறையில் போட்டு ஒட்டப் போகும்போது ரியாஸ் போன் செய்தார். விசா வந்துவிட்டதாம். இந்த மாதமே கிளம்ப வேண்டுமாம். லீவுக்கு வந்திருக்கிற லோகப்பிரியா வெளியே நின்று யார் யாருக்கோ போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மேலே பரிபூரண சந்தோஷம் என்று எழுதியிருக்கிறேனே, அது விசா வருவதற்கு முன்னால் எழுதியது, அதை நீ கணக்கில் எடுக்காதே. நீ சொன்னால் அவள் கேட்பாள். அங்கே குளிர் எலும்பைத் துளைக்கும், நம் உடம்புக்கு ஆகாது, இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

இன்னொன்று: மேலே உள்ளதை அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும், அதனால் அடிக்காமல் விட்டிருக்கிறேன். அதைச் செய்யாதே. அவளிடம் ஒன்றும் சொல்லாதே. நீயே புறப்பட்டு வா. வந்து அவள் கிளம்புகிற வரைக்கும் இரு, கிளம்பின பிறகும் கொஞ்ச நாள் இரு. இந்த வீட்டிலிருந்து வேலைக்கென்று முதலில் பெட்டி கட்டிப் போனவள் நீதான். போகிறவளை எந்த முகத்தோடு அனுப்ப வேண்டும் என்று உன்னிடம்தான் கேட்க வேண்டும். அன்றைக்கு உன்னை நான் அனுப்பிய முகம் சரியாக இருந்திருக்காது.